பொட்டிபுரத்தானும் மூக்குல மாட்டுற பொட்டியும்

பதிவு எழுதி நாலு மாசம் ஆச்சு. "என்னய்யா, உசுரோடதான் இருக்கியா?"ன்னு ரெண்டு பேரு மெயில்லயே கேட்டுட்டாங்க. இருக்கேன் மக்களே. முன்னைவிட நல்லாவே இருக்கேன், ஏன்னா இப்பதான் ராத்திரியில ஒழுங்கா மூச்சு விடுறேன். காமெடி இல்லை, நிஜமாத்தான்.

நமக்குச் சொந்த ஊரு போடிநாயக்கனூர் பக்கத்துல பொட்டிபுரம். பொட்டிபுரத்துல பொறந்து பெங்களூர்ல பொட்டி தட்டுறவன்னு ஆபீஸ்ல கலாய்ப்பாங்க. இப்ப கட்டில் பக்கத்துல இன்னொரு பொட்டியும் வந்து உக்காந்துடுச்சு. அது காத்து ஊதுற பொட்டி. பேரு சிபேப். அதுல இருந்து ஒரு குழாய் வரும், குழாய் முனையில மாஸ்க். அதை மூக்குல மாட்டிக்கிட்டுதான் ராத்திரி படுக்கணும். பாக்குறதுக்கு யானையும் மனுசனும் கலந்த மாதிரி இருக்கும் :-)

எங்க ஊருப் பேரைச் சொன்னாலே "அட, நியூட்ரினோ ஊரா?"ன்னு கேப்பாங்க. ஆமாம், அதே ஊருதான். 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. மலையைக் குடைஞ்சு 50,000 டன் காந்த இரும்பை உள்ள வைக்கிறதா திட்டம். ஊர்ல எதிர்ப்பு, கோர்ட்டு, கேஸுன்னு போயி இன்னிக்கு வரைக்கும் கட்டலை. அந்தச் சண்டையை இந்தப் பதிவுல இழுக்கப் போறதில்லை. ஒரே ஒரு விஷயத்துக்காகச் சொன்னேன். நம்ம உடம்பு வழியா நொடிக்கு ஏறக்குறைய 100 லட்சம் கோடி நியூட்ரினோ போயிக்கிட்டே இருக்காம். மலையே அதுக்குத் தடை இல்லை. ஆனா என் தொண்டையில விரக்கடை தூரம் தாண்ட முடியாம காத்து நின்னு போச்சு. இது எந்த ஊர் நியாயம்?

மணிக்கு 42 தடவை

டீம்ல டூர் போனப்ப கூடப் படுத்திருந்த நண்பன் காலையில வெளிறிப் போய் உக்காந்திருந்தான். "டேய், நீ குறட்டை விட்டப்ப கூட பயமில்லடா. திடீர்னு குறட்டை நிக்குது பாரு, அப்பதான்டா பயமா இருந்துச்சு"ன்னான். போன்ல பதிவு பண்ணியும் வச்சிருந்தான். கேட்டேன். குறட்டை, குறட்டை, குறட்டை. அப்புறம் நிசப்தம். இருபது நொடி கழிச்சு, கிணத்துல முங்கினவன் மேல வர்ற மாதிரி ஒரு பெரிய மூச்சு. மறுபடி குறட்டை.

சின்ன வயசுல இப்படி மூச்சு முட்டி எந்திரிச்சா, "அமுக்குவான் அமுக்கியிருக்கும்யா, திருநீறு பூசிட்டுப் படு"ன்னு அப்பத்தா சொல்லும். டாக்டர் வேற பேரு சொன்னார்: ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைச்சுக்குது. பத்து நொடிக்கு மேல மூச்சு நின்னா அது ஒரு கணக்கு. மூச்சு பாதியாக் குறையறதையும் சேர்த்து மணிக்கு எத்தனை தடவைன்னு எண்ணுவாங்க. அஞ்சுக்குக் கீழ இருந்தா பிரச்சனை இல்லை. 30-க்கு மேல போனா தீவிரம். உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி ஒரு ராத்திரி படுக்க வச்சு எண்ணுனாங்க. நம்ம ஸ்கோரு 42. பரீட்சையில கூட இவ்வளவு நேர்மையா மார்க் வாங்குனதில்லை.

நான் ஒண்ணும் பெரிய குண்டு கிடையாது. "குண்டா இருக்குறவங்களுக்குத்தான வரும்?"னு கேட்டேன். எடை ஒரு காரணம்தான், தாடை அமைப்பு, தொண்டை அகலம், பரம்பரை எல்லாமே காரணம்னார் டாக்டர். "வீட்டுல யாராவது குறட்டை விடுவாங்களா?"

அந்தக் கேள்வியில எனக்குச் சுருக்குன்னுச்சு. எங்கப்பா குறட்டை மூணு வீடு தாண்டிக் கேக்கும். எங்கப்பா ஜீப் டிரைவர். அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன்.

மூணு வாரப் போராட்டம்

மெஷின் வாங்குனேன். முதல் மாஸ்க் மூக்கை மூடுற முக்கோணம். மாட்டிப் படுத்தா கண்ணுக்குள்ள புஸ்ஸுனு காத்து அடிக்குது. லீக். பட்டையை இழுத்து இறுக்குனேன். கொஞ்ச நேரம் நிக்கும், திரும்பிப் படுத்தா மறுபடி புஸ். இன்னும் இறுக்குனேன். காலையில கண்ணாடியில பாத்தா மூக்குத் தண்டுல புண்ணு, கன்னத்துல மாட்டுக்குக் கயிறு கட்டுன மாதிரி தடம். பாதி ராத்திரியில எனக்கே தெரியாம கழட்டி எறிஞ்சிருப்பேன். மூணு வாரத்துல அது மூலைக்குப் போயிடுச்சு. மறுபடி ஆபீஸ் மீட்டிங்ல தூக்கம்.

அப்புறம் டாக்டர் வேற மாஸ்க் எழுதிக் கொடுத்தார். புது மாஸ்க் வந்ததும் மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு கோவத்துல தேட ஆரம்பிச்சேன். எவன்யா இதைக் கண்டுபிடிச்சது? ஒருத்தன் மூஞ்சியில குழாயை மாட்டி நிம்மதியாத் தூங்கச் சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்? தேடப் போன இடத்துல கிடைச்ச கதைதான் இந்தப் பதிவு.

கும்பகர்ணன், ஜோ, அப்புறம் ஒரு சீட்டாட்டக்காரர்

வியாதி பழசுதான். வால்மீகி ராமாயணத்துல கும்பகர்ணனை எழுப்பப் போன அரக்கர்களை அவன் விட்ட மூச்சுக்காத்தே வெளிய தள்ளிடும். இங்கிலாந்துல சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37ல எழுதுன 'பிக்விக் பேப்பர்ஸ்' கதையில ஜோன்னு ஒரு குண்டுப் பையன் வருவான். கதவைத் தட்டிக்கிட்டே தூங்குவான். ரெண்டையும் படிச்சவங்க சிரிச்சாங்க. குறட்டையும் தூங்குமூஞ்சியும் எல்லா ஊர்லயும் காமெடிதானே. நம்ம சினிமாவுல எத்தனை சீன் இருக்கு!

1956ல அமெரிக்காவுல பர்வெல்ங்கிற டாக்டரும் கூட இருந்தவங்களும் ஒரு நோயாளியைப் பத்தி எழுதுனாங்க. சுமார் 120 கிலோ எடையுள்ள ஒரு தொழிலதிபர். வாரா வாரம் போக்கர் ஆடுவார். ஒருநாள் கையில மூணு ஏஸ், ரெண்டு ராஜா. அந்த ஆட்டத்துல அது அம்சமான கை. ஆனா பந்தயம் கட்டுறதுக்குள்ள மனுசன் தூங்கிட்டார். இதுக்கு மேல வியாதி இல்லைன்னு சொல்ல முடியாதுன்னு ஆஸ்பத்திரியில வந்து சேந்தார். டாக்டர்கள் ஜோவை நினைச்சு இதுக்கு 'பிக்விக்கியன் சின்ட்ரோம்'னு பேரு வச்சாங்க.

பேரு வச்சாச்சு, காரணம் பிடிபடலை. குண்டு உடம்பால மூச்சு மந்தமாகுது, ரத்தத்துல கார்பன் டை ஆக்ஸைடு ஏறுது, அதனால தூக்கம் வருதுன்னு நினைச்சாங்க. ஒருத்தரும் ராத்திரி முழிச்சிருந்து, அவர் தூங்கும்போது மூச்சு என்ன ஆகுதுன்னு பாக்கலை. நம்ம பாஷையில சொன்னா, பகல்ல மட்டும் லாக் பாத்துட்டு ராத்திரி வர்ற பக்கைத் தேடுன மாதிரி.

அந்த ராத்திரி லாக் 1965லதான் வந்துச்சு. பிரான்ஸ்ல மார்செய் நகரத்துல கஸ்தோ குழு, ஜெர்மனியில ஃப்ரைபர்க்ல யூங், கூலோ. ரெண்டு பக்கமும் தனித்தனியா, ஒரே வருசம், தூங்குறவங்க மூச்சைப் பதிவு பண்ணிப் பாத்தாங்க. மூச்சு திரும்பத் திரும்ப நின்னு நின்னு வருது. நெஞ்சும் வயிறும் இழுத்துப் பாக்குது, ஆனா காத்து உள்ள போகலை. மூளை பதறி எழுப்புது, மூச்சு வருது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. ராத்திரி பூரா இதே கூத்து. காலையில அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் தூங்குனேன்னுதான் சொல்லுவார்.

கழுத்துல ஓட்டை

அடைப்பு தொண்டையிலன்னு தெரிஞ்சாச்சு. வைத்தியம்? 1969ல கூலோ குழு செஞ்சது, கழுத்துல ஓட்டை போடுறது. அடைச்சுக்குற இடத்துக்குக் கீழ மூச்சுக்குழாயில துளை போட்டு ஒரு குழாயைச் செருகுறது. பகல்ல மூடி வச்சிக்கிட்டுப் பேசலாம், ராத்திரி திறந்துட்டுத் தூங்கலாம்.

கேக்கவே ஒரு மாதிரி இருக்குல்ல? ஆனா அது வேலை செஞ்சுச்சு. வருசக்கணக்காத் தூக்கமில்லாதவங்க முழிச்சுக்கிட்டாங்க. எழுபதுகள்ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல கிறிஸ்டியன் கில்மினோ இந்த வியாதியை விரிவாப் படிச்சார். குண்டா இல்லாதவங்களுக்கும் வரும்னு எடுத்துச் சொன்னதுல அவருக்குப் பெரிய பங்கு. ஆனா வைத்தியம் என்னமோ அதே ஓட்டைதான். கழுத்துல ஓட்டையோட தூசியில, தண்ணியில வேலை பாக்குறது எப்படி? குளிக்கிறது எப்படி? நிறைய பேர் "வேணாம் சாமி, இப்படியே இருந்துக்கிறேன்"னு போயிட்டாங்க. எங்கப்பாவா இருந்தா பட்டுன்னு எந்திரிச்சு வந்திருப்பார்.

பேக் எண்ட் எப்பவோ ரெடி

இங்கதான் எனக்கு ஆச்சரியம். காத்தை அழுத்தத்தோட மூச்சுப் பாதைக்குள்ள செலுத்துற யோசனை 1980-ல புதுசு கிடையாது. 1936-லயே லண்டன்ல பூல்டன்ங்கிற டாக்டர், இதயம் பலவீனமாகி நுரையீரல்ல நீர் கோத்தவங்களுக்கு மாஸ்க் வழியா காத்தழுத்தம் கொடுத்துப் பாத்து, 'லான்செட்' இதழ்ல எழுதியிருக்கார். காத்து ஊத அவர் பயன்படுத்துனது வீடு பெருக்குற வாக்குவம் கிளீனர். அது உறிஞ்சுற பக்கத்தை விட்டுட்டு ஊதுற பக்கத்துல குழாயை மாட்டுனார்!

1971ல சான்ஃபிரான்சிஸ்கோவுல ஜார்ஜ் கிரிகரி குழு, நுரையீரல் முழுசா வளராமப் பொறந்த குழந்தைகளுக்கு இதே மாதிரி தொடர்ந்து அழுத்தம் கொடுத்தாங்க. 20 குழந்தைகள்ல 16 பேரு பிழைச்சாங்க. ஆனா இது ஆஸ்பத்திரிக்குள்ள, நர்ஸு பக்கத்துலயே இருக்க, சில நாளைக்கு. வீட்டுல, தனியா, தினமும் ராத்திரி, வருசக்கணக்கா ஒருத்தர் மூஞ்சியில மாட்டுறதைப் பத்தி யாரும் யோசிக்கலை.

1980 ஜூன், சிட்னி

காலின் சல்லிவன்னு ஒரு ஆஸ்திரேலிய டாக்டர். கனடாவுல டொரண்டோவுல எலியட் ஃபிலிப்சன் கிட்ட, தூங்குற நாய்களோட மூச்சு எப்படி இயங்குதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு சிட்னிக்குத் திரும்பினவர். அவர்கிட்ட ஒரு கட்டடத் தொழிலாளி வர்றார். தீவிரமான ஸ்லீப் ஆப்னியா. கழுத்துல ஓட்டை போடணும்னு சொன்னா, ஆள் முடியாதுன்னுட்டார். ஆனா ஒரு ராத்திரி மட்டும் ஒரு பரிசோதனைக்குப் படுக்கச் சம்மதிச்சார்.

சல்லிவன் யோசனை ரொம்ப எளிமை. எங்க ஊர் ஏலத்தோட்டத்துல வேனல் காலத்துல தண்ணி பாய்ச்ச சப்பை ஓஸ் போடுவாங்க. தண்ணி இல்லாதப்ப பாம்புத்தோல் மாதிரி சப்பையாக் கெடக்கும். மோட்டார் போட்டா உருண்டு நிமிரும். தொண்டையும் அப்படி ஒரு ஓஸ்தான். உள்ள கொஞ்சம் அழுத்தம் இருந்தா சப்பையாகாது. வாயை விட்டுட்டு மூக்கு வழியாக் கொடுத்தா போதும். மோட்டார் எங்க? பூல்டன் மாதிரியே இவரும் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத்தான் எடுத்தார்.

அன்னிக்கு ராத்திரி அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனாங்க. ஒரு கட்டத்துல அடைப்பு காணாமப் போச்சு. மனுசன் அப்படியே ஆழ்ந்த தூக்கத்துக்குள்ள விழுந்துட்டார். சந்தேகத்துக்கு அழுத்தத்தைக் குறைச்சாங்க, மறுபடி அடைப்பு. ஏத்துனாங்க, போச்சு. சுவிட்ச் போட்டு அணைக்கிற மாதிரி. அப்புறம் அப்படியே தூங்க விட்டுட்டாங்க. காலையில முழிச்சவர் பகல்லயும் முழிப்பாவே இருந்தார்.

1981 ஏப்ரல்ல லான்செட்ல கட்டுரை வந்துச்சு. மொத்தம் அஞ்சு நோயாளிகள். தேவைப்பட்ட அழுத்தம் 4.5-லேருந்து 10 சென்டிமீட்டர் தண்ணி. ஒரு டம்ளர் தண்ணியில ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதிப் பாருங்க, குமிழ் வர எவ்வளவு பலம் வேணுமோ அவ்வளவுதான். கழுத்துல கத்தி வைக்காம தீர்ற அளவு அழுத்தம். எனக்கு டாக்டர் வச்ச செட்டிங் 9.

ஆனா அதை மூஞ்சியில எப்படி ஒட்டுறது?

இப்பதான் நம்ம கதாநாயகன் மாஸ்க் என்ட்ரி. மோட்டார் ஓகே, குழாய் ஓகே, அழுத்தம் ஓகே. மூக்குல லீக் இல்லாம நிக்கணுமே? ஒருத்தர் மூக்கு மாதிரி இன்னொருத்தர் மூக்கு இல்லை.

சல்லிவன் குழு ஆரம்பத்துல என்ன பண்ணாங்கன்னா, நோயாளி மூஞ்சிக்குப் பிளாஸ்டர் அச்சு எடுத்து, அதை வச்சு அவர் மூக்குக்குன்னே ஃபைபர் கிளாஸ்ல ஒரு மாஸ்க் செஞ்சாங்க. தச்சுப் போட்ட சட்டை மாதிரி. அதை நிக்க வைக்க? பசை! மருத்துவத்துக்கான சிலிக்கான் பசையை மூக்கைச் சுத்தித் தடவி, தினம் ராத்திரி ஒட்டிக்கிட்டுப் படுக்கணும். காலையில பிய்ச்சு எடுக்கணும். மறுநா ராத்திரி மறுபடி பசை. மெஷின் சத்தம் வேற.

இதைப் படிச்சப்ப எனக்கு வெக்கமாப் போச்சு. பட்டை இறுக்குதுன்னு மூணு வாரத்துல மூலையில போட்டவன் நான். அவங்க மாசக்கணக்கா மூஞ்சியில பசை ஒட்டிப் பிய்ச்சிருக்காங்க. ஏன்? அவங்களுக்கு இன்னொரு வழி கழுத்துல ஓட்டைதான். அதோட, தூக்கம்னா என்னன்னு பல வருசம் கழிச்சு ருசி பாத்துட்டாங்க. இன்னிக்கு என் மூக்குல இருக்குற சிலிக்கான் அவங்க மூக்கு மேல சோதிச்சது. கட்டுரையில டாக்டர்கள் பேரு இருக்கு, அவங்க பேரு இல்லை.

1985ல அமெரிக்காவுல ரெஸ்பிரானிக்ஸ் கம்பெனி கடையில வாங்குற மாதிரி சிபேப் மெஷினைக் கொண்டுவந்துச்சு. 1989ல சல்லிவன் கண்டுபிடிப்பை வச்சு ஆஸ்திரேலியாவுல ரெஸ்கேர்னு ஒரு கம்பெனி தொடங்குனாங்க. அதுதான் பின்னாடி ரெஸ்மெட்.

மாஸ்க்ல பெரிய திருப்பம் தொண்ணூறுகள் தொடக்கத்துல வந்த குமிழ் மெத்தை. மாஸ்க் விளிம்புல ரொம்ப மெல்லிசா ஒரு சிலிக்கான் சவ்வு, உள்பக்கமா மடிஞ்சிருக்கும். மெஷின் காத்து ஊதுனதும் அந்தச் சவ்வு உப்பி மூஞ்சியில போயி ஒட்டிக்கும். மூக்கு மேடா இருந்தா மேட்டுக்கு, பள்ளமா இருந்தா பள்ளத்துக்கு. அதாவது எந்தக் காத்து லீக் ஆகப் பாக்குதோ, அதே காத்துதான் லீக்கை அடைக்குது. பசையும் வேணாம், பிளாஸ்டர் அச்சும் வேணாம்.

இதைப் படிச்ச இடத்துல "அடப்பாவி!"ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். மூணு வாரமா நான் பண்ணது என்ன? பட்டையை இறுக்கி இறுக்கி அந்தச் சவ்வை நசுக்கியிருக்கேன். உப்ப இடமே கொடுக்கலை. சவ்வு மடங்கிக் கெடந்தா லீக் ஆகாம என்ன செய்யும்? லீக் ஆக ஆக இன்னும் இறுக்கியிருக்கேன். பக் எங்கன்னா யூஸர்கிட்ட.

புது மாஸ்க்கை அன்னிக்கு ராத்திரி வேற மாதிரி மாட்டுனேன். உக்காந்து மாட்டாம படுத்துக்கிட்டு மாட்டுனேன், படுத்தா மூஞ்சிச் சதை இடம் மாறும். பட்டையை லூஸா விட்டேன். மெஷினை ஓட விட்டு, மாஸ்க்கை முகத்துலேருந்து லேசா ஒரு இழு இழுத்து விட்டேன். சவ்வு உப்பிப் பதமா வந்து உக்காந்துச்சு. புஸ் சத்தம் நின்னுச்சு. மாஸ்க் முன்பக்கம் ஒரு சின்ன துவாரத்துல மட்டும் காத்து வந்துக்கிட்டே இருக்கும். அது லீக் இல்லை, நாம விடுற மூச்சு வெளிய போக வேணும்னே வச்ச வழி. முதல் தடவை அதையும் விரலால அடைச்சுப் பாத்த அறிவாளி நான்தான் :-(

உடனே எல்லாம் சரியாகலை. ராத்திரிக்கு முன்னாடி டிவி பாக்கும்போது அரை மணி நேரம் சும்மா மாட்டிக்கிட்டு உக்காந்தேன், மூளைக்குப் பழக்கம் ஆகணுமில்ல. முதல் வாரம் நாலு மணி நேரம். ரெண்டாவது வாரம் அஞ்சரை. ஒருநாள் முழிச்சுப் பாத்தா ஜன்னல்ல வெளிச்சம், மாஸ்க் மூக்குலயே இருக்கு. மெஷின் கணக்கு மணிக்கு 42-லேருந்து 3-ன்னு காட்டுச்சு. அன்னிக்கு மீட்டிங்ல நான் கேள்வி கேட்டதைப் பாத்து மேனேஜர் பயந்துட்டார்.

இந்தத் துறைக்காரங்க மாஸ்க்குக்கு வச்சிருக்குற பேரே 'இன்டர்ஃபேஸ்'தான். பேக் எண்ட் 1936ல ரெடி. மனுச மூஞ்சிக்கு ஏத்த இன்டர்ஃபேஸ் வர ஐம்பது வருசத்துக்கு மேல ஆயிருக்கு. யூஐ-தானேன்னு இளக்காரமாப் பேசுற பேக் எண்ட் மக்கள் கவனிக்க.

அப்பா

நம்ம நாட்டுல இது பெரிய மனுசங்க வியாதின்னு ஒரு நெனப்பு. 2022 பிப்ரவரியில இந்தி இசையமைப்பாளர் பப்பி லாஹிரி இறந்தப்ப இந்த வியாதிப் பேரு டிவியில ஓடுச்சு. அப்புறம் மறந்துட்டோம். அமெரிக்காவுல 1993ல வந்த விஸ்கான்சின் ஆய்வு, பகல் தூக்கத்தோட சேர்ந்த ஸ்லீப் ஆப்னியா நடுவயசு ஆம்பளைங்கள்ல 4 சதவீதம், பொம்பளைங்கள்ல 2 சதவீதம்னுச்சு. 2004ல மும்பையில 35-லேருந்து 65 வயசு ஆம்பளைங்ககிட்ட பண்ண ஆய்வுல அது 7.5 சதவீதம். வண்டி ஓட்டுறவங்களுக்கு இது இருந்தா விபத்து வாய்ப்பு கூடுது, சிபேப் போட்டா குறையுதுன்னு பல ஆய்வுகள் சொல்லுது.

எங்கப்பா ஜீப்புல காலையில இருட்டோட ஆள் ஏத்துவார். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போற பொம்பளைங்க, தூக்குச்சட்டியோட. போடி தாண்டி முந்தல், அதுக்கு மேல போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. அந்தப் பக்கம் பூப்பாறை. சாயங்காலம் அதே வழியா இறக்கம். தூக்கம் வராம இருக்க ஏலக்காயை வாயில போட்டு மென்னுக்கிட்டே ஓட்டுவார். சின்ன வயசுல அந்த வாசம்தான் எனக்கு அப்பா வாசம். அவர் எதுக்கு மெல்றார்ங்கிறது இருபத்தெட்டு வயசுலதான் உறைச்சுது.

போன தடவை ஊருக்குப் போனப்ப பொட்டியோட போனேன். 2023லேருந்து சென்னை ரயிலே போடி வரைக்கும் வருது, நமக்குத்தான் பெங்களூர்லேருந்து பஸ்ஸு. ராத்திரி நான் மாஸ்க் மாட்டுனதும் அம்மா அழுதுட்டாங்க. ஐசியூ மாதிரி தெரிஞ்சிருக்கு. அப்பா ரொம்ப நேரம் பாத்தார்.

"என்னடா இது, டைவிங் அடிக்கிறவன் மாதிரி."

"உங்களுக்கும் இது இருக்குப்பா. ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்."

"எனக்கென்ன, முப்பது வருசமா ஓட்டுறேன். ஒரு கீறல் உண்டா?"

"வளைவுல கண்ணு சொக்குனதே இல்லையாப்பா?"

பதில் இல்லை. வெளிய போயி பீடி பத்த வச்சுட்டார். நான் அதுக்கு மேல கேக்கலை.

மறுநா ராத்திரி கரண்ட் போச்சு. மெஷின் நின்னுடுச்சு, மாஸ்க்கைக் கழட்டிட்டு வாசல்ல வந்து உக்காந்தேன். அப்பாவும் முழிச்சுதான் இருந்தார். பேச்சுக்குப் பேச்சு அந்த சிட்னி கதையைச் சொன்னேன். டாக்டருங்க பேரு, வருசம் எல்லாம் சொல்லலை. கட்டட வேலை பாக்குற ஒருத்தரு, கழுத்துல ஓட்டை போடணும்னாங்க, மாட்டேன்னுட்டாரு, ஆனா ஒரு ராத்திரி படுத்துப் பாக்குறேன்னாரு. அவரு படுத்ததாலதான் இன்னிக்கு நான் தூங்குறேன்னு.

"அவரு மீசை வச்சிருந்தாரா?"ன்னார் அப்பா.

சிரிப்பை அடக்கிக்கிட்டேன். அப்பா மீசை எங்க ஊர்ல பிரசித்தம். மீசைக்கு மேல மாஸ்க் சரியா உக்காராதுங்கிறது நிஜமாவே இருக்குற பிரச்சனைதான். "மீசையை எடுக்க வேணாம்ப்பா. மூக்குத் துவாரத்துல மட்டும் வைக்கிற மாதிரி சின்ன மாஸ்க் இருக்கு"ன்னேன்.

கொஞ்ச நேரம் இருட்டுல மலையையே பாத்துக்கிட்டிருந்தார்.

"போன மாசம் பதினோராவது வளைவுல..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டார். அப்புறம், "பின்னாடி பதினாலு பேரு இருந்தாங்கடா"ன்னார். வேற எதுவும் சொல்லலை.

"ஒரு ராத்திரிதானே?"

"ஒரே ஒரு ராத்திரிப்பா."

"சனிக்கிழமையாப் பாரு. ஞாயித்துக்கிழமை ட்ரிப்பு இல்லை."

வர்ற சனிக்கிழமை மதுரையில டெஸ்ட். அதுவரைக்கும் வண்டியைச் சித்தப்பா பையன் ஓட்டுறான். அப்பாவே சாவியை எடுத்துக் கொடுத்துட்டாராம், அம்மா போன்ல சொன்னாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். அழுத்தம் எவ்வளவு வைக்கணும்ங்கிறதை டெஸ்ட் பாத்துட்டு டாக்டர்தான் சொல்லணும், அடுத்தவங்க மெஷினை வாங்கி மாட்டிப் பாக்காதீங்க. இது ஒண்ணுதான் வைத்தியம்னும் இல்லை. எடை குறைக்கிறது, தாடையை முன்னுக்கு இழுத்து வைக்கிற பல் கிளிப், நாக்கு நரம்பைத் தூண்டுற கருவின்னு இருக்கு. 2024 டிசம்பர்ல அமெரிக்காவுல உடல் பருமனோட இந்த வியாதி இருக்குறவங்களுக்கு ஊசி மருந்துக்கும் அனுமதி கொடுத்திருக்காங்க. உங்க வீட்டுல யாராவது குறட்டை விட்டு நடுவுல சத்தமே இல்லாமப் போனா, அன்னிக்கு ஒருநாள் சிரிக்காம, பக்கத்துல உக்காந்து நொடியை எண்ணிப் பாருங்க. பத்தைத் தாண்டுனா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.